காலாப்பட்டிலிருந்து கடலூர் சாலைக்கு வாருங்கள்

புதுவையில் பயன்பாட்டு உளவியலும் மனிதவள மேலாண்மையும் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு,



ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடத் தொடங்கியிருப்பீர்கள். வழிகாட்டியிடம் எழுதிக் கொடுக்கும் முன் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன். புதுவைத் தொழிற்சாலைகளில் பணியாளர் நல அலுவலராக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். உங்கள் துறை எதைப் படிக்கிறதோ, அதன் நடுவே மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஆண்டுதோறும் உங்களில் சிலர் என்னிடம் வந்திருக்கிறீர்கள். கையில் துறையின் அனுமதிக் கடிதம், கைப்பேசியில் ஒரு கூகுள் படிவம். “சார், நூறு பேர் ஃபில் பண்ணினா போதும்” என்பீர்கள். வேலைத் திருப்தி, பணி மன அழுத்தம், நிறுவனப் பற்று, தலைமைப் பாணி என்று நான்கைந்து தலைப்புகள்தான் மாறி மாறி வரும். கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த நூறு பேர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். எச்.ஆர். பிரிவில் இருப்பவர்கள், அக்கவுண்ட்ஸ் பிள்ளைகள், சூப்பர்வைசர்கள், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த டிரெய்னிகள். தேநீர் இடைவேளையில் ‘முழுதும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘சற்றும் உடன்படவில்லை’ வரை உள்ள ஐந்து கட்டங்களில் நடுக்கட்டத்தைத் தொட்டுக்கொண்டே போவார்கள். மேலதிகாரி பார்ப்பாரோ என்ற பயம் உள்ளவர் முதல் கட்டத்தைத் தொடுவார். லைனில் நிற்பவர், பாய்லர் ஓட்டுபவர், காண்ட்ராக்டில் வந்து மூட்டை ஏற்றுபவர், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருப்பவர் – இவர்களில் ஒருவர்கூட அந்த நூறில் இருக்கமாட்டார். அப்புறம் அந்த எண்களைக் கணினியில் போட்டு, ‘குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது’ என்று எழுதி, நீலமோ மெரூனோ அட்டை போட்டுக் கட்டிக் கொடுப்பீர்கள். தொழிற்சாலைக்கு ஒரு பிரதி வரும். அதை அலமாரியில் அடுக்கி வைத்தவர்களில் நானும் ஒருவன். அதைத் திறந்து பார்த்து ஒரு ஷிப்டை மாற்றியமைத்த மேலாளரை நான் கண்டதில்லை.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். ஒரு பருவம் முழுவதும் கிடைப்பது போலத் தோன்றினாலும், வருகைப்பதிவு, செமினார், நேர்முகத் தேர்வு எல்லாம் போக மிஞ்சுவது சில வாரங்கள்தான். தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். உங்கள் ஆசிரியருக்கும் ஏராளமான ஆய்வேடுகள் பார்க்க வேண்டியிருக்கிறது. படிவம் அனுப்புவது எளிது. யாரையும் கெஞ்ச வேண்டாம். இவ்வளவும் தெரிந்துதான் கேட்கிறேன்: இரண்டு ஆண்டு உழைப்பின் பயன் இவ்வளவுதானா?

உங்கள் துறை வகுப்பறையில் பிறந்ததல்ல. வேலைத்தலத்தில் பிறந்தது, இந்தியாவில் அது வேரூன்றியது துணி ஆலைகளில். விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே அகமதாபாத்தில் ஆலைத் தொழிலுக்கென்று ‘அட்டிரா’ என்ற ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதை முன்னின்று உருவாக்கியவர் விக்ரம் சாராபாய். நூலின் வலிமையைச் சோதிக்கும் நிலையத்தில், நூற்பவரின் மனத்தை ஆராயவும் ஒரு பிரிவு வேண்டும் என்று அன்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பிரிவை நடத்தியவர் கம்லா சௌத்ரி. 1961இல் தொடங்கிய அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தின் தொடக்ககால ஆசிரியர்களில் ஒருவராகப் பின்னர் அவர் ஆனார். உங்கள் பாடப்புத்தகத்தில் இந்தியப் பெண் ஒருவரின் பெயர் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பாருங்கள். நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும்.

அதே அகமதாபாத்துக்கு 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து ஏ.கே. ரைஸ் வந்தார். காலிக்கோ ஆலையில் புதிதாகத் தானியங்கித் தறிகள் போட்டிருந்தார்கள். 224 தறிகள் கொண்ட ஒரு கூடம். இயந்திரம் நல்ல இயந்திரம், ஆனால் எதிர்பார்த்த துணி வரவில்லை, வந்ததிலும் பழுது. வழக்கமாக என்ன சொல்வார்கள்? ஆள் சரியில்லை, சோம்பேறி, பயிற்சி போதாது என்பார்கள். ரைஸ் ஆட்களைக் குறை சொல்லாமல் வேலை பிரிக்கப்பட்டிருந்த விதத்தைப் பார்த்தார். நெசவு என்ற ஒரு வேலையைப் பன்னிரண்டு வகை வேலைகளாக வெட்டியிருந்தார்கள். நெசவாளி ஒரு எண்ணிக்கைத் தறிகளுக்குப் பொறுப்பு, பேட்டரி நிரப்புபவர் வேறொரு எண்ணிக்கைக்கு, இழை முடிபவர் இன்னொரு எண்ணிக்கைக்கு. யாருக்கு யார் துணை என்பதே அந்தக் கூடத்தில் இல்லை. ஒரு சிறு குழு, அதற்கென்று சேர்ந்தாற்போல் சில தறிகள், அவற்றுக்கு அந்தக் குழுவே முழுப் பொறுப்பு என்ற யோசனையை அவர் சொன்னார். சொல்லி முடித்ததும் தொழிலாளர்களே யார் யாரோடு என்று பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். தடுமாற்றங்கள் இருந்தன, சரி செய்தார்கள். துணி கூடியது, பழுது குறைந்தது. 1958இல் அது புத்தகமாக வந்து, உலகெங்கும் மேலாண்மை படிப்பவர்கள் படிக்கும் ஆய்வானது. 1970இல் எரிக் மில்லர் அதே ஆலைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்: ஒரு கூடத்தில் குழு முறை நிலைத்திருந்தது, மற்ற இடத்தில் பழைய முறைக்கே திரும்பியிருந்தது. எனக்கு இந்த இரண்டாம் பயணம்தான் முதலாவதைவிடப் பெரிதாகப் படுகிறது. தன் துறை செய்த மாற்றம் தங்கியதா என்று பதினேழு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்து, தங்காத இடத்தைத் தங்கவில்லை என்றே எழுதும் நேர்மையை நீங்கள் கற்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நீங்கள் படிக்கும் ஊர் வெள்ளை நகரமும் கடற்கரைச் சாலையும் மட்டும் அல்ல. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள் இந்த ஊருக்குச் சோறு போட்டன. சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்ற பெயர்களில் உங்கள் தாத்தா பாட்டிக்கு அவை தெரிந்திருக்கும். 1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் இங்கே உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? நாள் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளாத வேலை நேரம், சங்கம் வைக்கும் உரிமை, மனிதரை மனிதராக நடத்தும் மேலாளர். வ. சுப்பையா தலைமையிலான அந்தப் போராட்டத்தின் பலனாக 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ‘வேலை–வாழ்க்கைச் சமநிலை’ என்ற பாடம் நடக்கும்போது உங்கள் ஆசிரியர் எந்த நாட்டு உதாரணத்தைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் காலாப்பட்டு வளாகத்திலிருந்து பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில், கடலூர் சாலைப் பக்கம், அதற்காகச் செத்தவர்களின் ஊர் இருக்கிறது.

அந்த ஆலைகள் இன்று ஓடவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயல் ஏ.எஃப்.டி.யின் கூரைகளையும் இயந்திரங்களையும் நாசம் செய்தது. 2013 நவம்பர் முதல் லே-ஆஃப். 2020 ஏப்ரல் 30 அன்று ஆலை மூடப்பட்டது. ஊரடங்கில் ஊரே முடங்கிக் கிடந்த நேரம் அது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். வேலையும் இல்லை, வேலை போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. பாதிச் சம்பளத்துக்கும் காத்திருப்பு. ஒவ்வொரு தேர்தலிலும் ஆலை திறக்கும் என்ற பேச்சு. ஒரு மனிதனின் நாற்பத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்திரண்டு வரை இப்படிப் போனால் அவனுக்குள் என்ன நடக்கும்? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது பொருளாதாரத் துறையா, தொழிலாளர் துறையா? உங்கள் துறைதான்.

உங்களில் பலர் மரீ யஹோடாவின் பெயரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வேலை என்பது கூலி மட்டுமல்ல, அது நாளுக்கு ஒரு ஒழுங்கையும் வீட்டுக்கு வெளியே பழக்கங்களையும் பிறரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் நோக்கத்தையும் ஊரில் ஓர் இடத்தையும் கட்டாயச் செயலையும் தருகிறது என்ற அவருடைய விளக்கம் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும். அந்த விளக்கத்தின் வேர், மூடப்பட்ட ஒரு துணி ஆலை. வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற ஆலைக் கிராமம். ஆலை மூடி, ஏறக்குறைய ஊர் முழுவதும் வேலையிழந்தது. 1931 இறுதியில் யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே போயிற்று; 1933இல் நூல் வெளிவந்தது. அப்போது யஹோடாவுக்கு வயது இருபத்தைந்தைச் சுற்றி. உங்கள் வயது, அல்லது உங்களைவிட இரண்டு மூன்று கூட.

அவர்கள் எப்படி ஆராய்ந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள். 478 குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. ஊர் நூலகத்தில் எத்தனை புத்தகம் எடுக்கப்பட்டது என்று கணக்குப் பார்த்தார்கள். நேரம் ஏராளமாகக் கிடைத்தும், கட்டணமே இல்லாமல் ஆக்கியும், வாசிப்பு சரிந்திருந்தது. தெருவில் ஒளிந்து நின்று, நடப்பவர்களின் வேகத்தையும் எத்தனை முறை நிற்கிறார்கள் என்பதையும் கடிகாரம் வைத்து எழுதினார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை கைநிறைய இருந்த பெண்கள் வேகமாகப் போனார்கள். ஒரு நாள் எப்படிப் போயிற்று என்று எழுதித் தரச் சொன்னபோது, காலையில் எழுந்ததற்கும் மதியம் சாப்பிட்டதற்கும் இடையில் என்ன செய்தோம் என்பதை ஆண்களால் சொல்ல முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று குழந்தைகளை எழுதச் சொல்லி, அந்த ஆசைகள் எவ்வளவு சுருங்கிப் போயிருந்தன என்று பார்த்தார்கள். வேலையில்லாதவர்கள் கொதித்தெழுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவர்கள் கண்டதோ பெரும்பாலும் அடங்கிப்போன மனங்களை. இதில் எந்த இடத்திலும் ஐந்து கட்டப் படிவம் ஆய்வின் மையமாக இல்லை.

அந்தக் குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெறும் பார்வையாளராக ஒருவரும் அந்த ஊரில் இருக்கக் கூடாது. ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்துகொண்டேதான் ஆராய வேண்டும். வியன்னாவில் பழைய துணிமணி திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், இலவச மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார்கள், துணி வெட்டித் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கொடுத்ததால் ஊர் அவர்களுக்குக் கதவு திறந்தது. இந்தக் கட்டுப்பாட்டை உங்கள் ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் முதல் வரியாக எழுதி வையுங்கள்.

நம் மரியென்தால் முதலியார்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கிறது. ஸ்பின்னிங்கில் இருந்தவர், வீவிங்கில் இருந்தவர், சாயப்பிரிவில் இருந்தவர், மேஸ்திரி, டைம் ஆபீஸ் கிளார்க் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். சிலர் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள், சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், சிலர் மகன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். வயதாகிறது அவர்களுக்கு. இன்னும் பத்து ஆண்டு கழித்து அங்கே போனால் கேட்பதற்கு ஆளிருக்காது. போய்க் கேளுங்கள். ஆலைச் சங்கு நின்ற பிறகு காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? மனைவி வேலைக்குப் போகத் தொடங்கியபோது வீட்டில் யார் பேச்சு எடுபட்டது? உங்கள் மகளுக்கு வரன் பார்க்கையில் என்ன வேலை என்று கேட்டார்களே, என்ன சொன்னீர்கள்? கூட வேலை செய்தவர்களை எங்கே சந்திக்கிறீர்கள், சந்தித்தால் எதைப் பேசுகிறீர்கள், எதைப் பேசாமல் விடுகிறீர்கள்? ஆலை மூடியபின் குடி கூடியதா, நின்றதா? எந்த அளவுகோலும் இந்தக் கேள்விகளை உங்களுக்குத் தயாரித்துத் தராது. ஆனால் கேட்கும் பயிற்சியை உங்கள் படிப்பு தந்திருக்கிறது.

இதை நான் அவசரம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், லட்சம் பேருக்கு எத்தனை தற்கொலை என்பதில் நாட்டின் சராசரி 12.4. புதுச்சேரியில் 29.7. இரண்டு மடங்குக்கு மேல். இது ஓராண்டுத் தவறல்ல. 2015இல் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றோம். ஆலைகளால்தான் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். கடன், குடி, குடும்பம், நோய் எல்லாம் பின்னிக் கிடக்கும் விஷயம் அது. வேலைக்கும் வேலையின்மைக்கும் அதில் எவ்வளவு பங்கு என்பதைச் சொல்ல, தெருத் தெருவாகப் போய்க் கேட்டறிந்த ஆய்வுகள் வேண்டும். ஜிப்மரின் மனநலப் பிரிவு வருகிறவரைக் கவனிக்கும். வருவதற்கு முன் அவர் நின்றிருந்த வேலையிடத்தைக் கவனிக்க வேண்டிய படிப்பு உங்களுடையது.

மூடிய ஆலையை மட்டும் பேசினால் பழங்கதை பேசுகிறார் என்று நினைப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் இடங்களைப் பற்றியும் சொல்கிறேன். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, திருபுவனை, கிருமாம்பாக்கம் என்று நம்மைச் சுற்றித் தொழிற்பேட்டைகளும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் – எது என்று சொல்ல மாட்டேன் – பெண்கள் வேலை செய்யும் ஓர் அசெம்பிளி லைன். லீவு அதிகம், வேலையை விட்டு நிற்பவர்கள் அதிகம். ‘ஈடுபாடு குறைவு’ என்று நிர்வாகம் முடிவு செய்தது. சென்னையிலிருந்து ஒரு மோட்டிவேஷன் டிரெய்னரை வரவழைத்தார்கள். பலூன் ஊதச் சொன்னார், கை தட்டச் சொன்னார், கண்ணை மூடி வெற்றியைக் கற்பனை செய்யச் சொன்னார். பெண்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். அடுத்த மாதம் லீவு இன்னும் கூடியது.

அந்த நேரத்தில் உங்களைப் போல ஒரு முதுகலை மாணவி வந்தார். படிவம் கொண்டுவந்திருந்தார், ஆனால் அதை முதலில் எடுக்கவில்லை. கேண்டீனில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கம்பெனி பஸ்ஸில் அவர்களோடு வீடு வரை போய்த் திரும்பினார். சில வாரங்களில் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. செலவைக் குறைக்க வேண்டும் என்று அந்த லைனின் ரிலீவரை எடுத்துவிட்டிருந்தார்கள். அதாவது, ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் நிற்கும் ஆள் இல்லை. அதனால் கழிவறைக்குப் போக டோக்கன் முறை வந்தது. லைனுக்கு ஒரு டோக்கன். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். சிறுநீர்த் தொற்று வந்தது. மாதவிடாய் நாட்களில் டோக்கனுக்காக ஆண் சூப்பர்வைசரிடம் நிற்பதைவிட லீவு போடுவதே மேல் என்று முடிவு செய்தார்கள். அதை எந்தப் பெண்ணும் எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் குறைதீர்ப்புப் பெட்டியிலும் போடவில்லை. வந்து உட்கார்ந்து சாப்பிட்டவளிடம் சொன்னார்கள். மாணவி யார் பெயரையும் குறிப்பிடாமல் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். ரிலீவர் திரும்ப வந்தார், டோக்கன் போயிற்று, லீவு குறைந்தது. நான் பார்த்தவரையில் இந்த ஊரில் உளவியல் படித்த ஒருவர் ஒரு தொழிற்சாலைக்குச் செய்த மிகப் பெரிய உபகாரம் அது. அதைச் செய்ய அவருக்கு வேண்டியிருந்தது பொறுமையும், குறையை முதலில் மனிதரிடம் தேடாமல் ஏற்பாட்டில் தேடும் கண்ணும்தான்.

அந்தக் கண் உங்களுக்கு வர வேண்டும் என்பதே என் ஆசை. ஏனென்றால் உங்கள் படிப்பு தவறான கையில் போனால் நேர்மாறாகவும் பயன்படும். சம்பளத்தை ஏற்றாமல் ‘மனவுறுதி’ப் பயிற்சி கொடுக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாம். சங்கம் சேர வாய்ப்புள்ளவர் யார் என்று ஆளெடுப்புத் தேர்விலேயே சலித்தெடுக்கச் சொல்லி உங்களைக் கேட்கலாம். கேட்பார்கள். ‘எந்த லைனில் யார் என்ன சொன்னார், எங்களுக்கு மட்டும் சொல்லுங்கள்’ என்று காபி கொடுத்துக் கேட்பார்கள். அனுமதி தந்த நிறுவனமாயிற்றே என்று வாய் திறந்துவிடாதீர்கள். ஒரு பெயர் வெளியே போனால் அந்த ஆளின் வேலை போகும், அதோடு உங்களுக்குப் பின் வரும் அத்தனை மாணவர்களுக்கும் அந்தக் கேண்டீன் வாய் மூடிவிடும். மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு இருக்கிறது. நிறுவன உளவியலுக்கு அப்படிக் கட்டாயப் பதிவு எதுவும் இங்கே இல்லை. யாரும் உங்கள் பட்டத்தைப் பிடுங்கப் போவதில்லை என்பதால்தான், நீங்களே உங்களுக்குக் காவலாக இருக்க வேண்டியிருக்கிறது.

‘இதெல்லாம் சரி ஐயா, வேலை கிடைக்குமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்விக் கடன் வாங்கிப் படிப்பவர்கள் உங்களில் உண்டு, வீட்டில் முதல் பட்டதாரிகள் உண்டு. பெங்களூருவிலும் சென்னை ஓ.எம்.ஆரிலும் எச்.ஆர். வேலை தேடிப் போவதை நான் குறை சொல்லவில்லை, போங்கள். ஆனால் நேர்முகத் தேர்வில் ஆயிரம் பேர் அதே வேலைத் திருப்தி ஆய்வேட்டை நீட்டும் இடத்தில், ‘ஒரு ரிலீவரை எடுத்ததால் என்ன நடந்தது என்று நான் கண்டுபிடித்தேன்’ என்று சொல்பவர் தனித்துத் தெரிவார். உள்ளூரிலும் இடமில்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு விதித்தொகுப்பு அந்த எண்ணை 250 ஆக்கியிருக்கிறது. அந்த நாற்காலிகளில் யார் உட்காரப் போகிறார்கள்? பஸ் ரூட்டையும் தீபாவளி ஸ்வீட்டையும் மட்டும் கவனித்துக்கொண்டு ஓய்வு பெறுபவர்களா, மனிதர்களைக் கேட்கக் கற்றவர்களா? அந்தப் பதவிக்கு என்னென்ன தகுதி கேட்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து, குறையும் படிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறையில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடத்தின் அருமையையும் சொல்லியாக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் உளவியல் முதுகலை படித்தவர்கள் இந்த ஊரில் நிறைய. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. உளவியலில் தொழில் மற்றும் நிறுவன உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து, ஷிப்ட் முடிந்து படித்தவர்களை எனக்குத் தெரியும். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. தரம் கருதிச் செய்திருக்கலாம். ஆனால் தொழிற்சாலைக்கு உள்ளேயே நின்று இந்தப் படிப்பைப் படித்தவர்களின் வழி அடைபட்டது. லைனில் நிற்பவர் வகுப்புக்கு வர முடியாது என்றால், வகுப்பில் இருப்பவர்தான் லைனுக்குப் போக வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் ஆய்வேட்டைப் புதுவை வட்டாரத்தின் ஒரு வேலையிடத்தில் வையுங்கள். ஆலை வேண்டாமென்றால் வேறு எத்தனையோ இருக்கின்றன: சனி ஞாயிறு கூட்டத்துக்காக வெள்ளை நகர ஓட்டல்களில் காலையும் இரவும் துண்டுத் துண்டாக ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள், மருத்துவமனையின் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள், இரவு வார்டில் தனியாக நிற்கும் செவிலியர்கள், டார்கெட்டுக்கு ஓடும் நுண்கடன் வசூல் இளைஞர்கள். படிவம் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கடைசியில் எடுங்கள். பேச்சைத் தமிழில் நடத்துங்கள். இந்தி பேசும் தொழிலாளி என்றால் இந்தி தெரிந்த வகுப்புத் தோழரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே இடத்தை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்க அனுமதி தரச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். கேட்டுப் பார்த்தால்தானே தெரியும், பல ஆசிரியர்களுக்கும் உள்ளூர இதே ஆசை உண்டு.

முடித்தபின் கண்டதைத் தமிழில் பத்துப் பக்கத்துக்குள் எழுதுங்கள். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் நாளிலேயே தொழிலாளர்களுக்கும் கொடுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில் கால்மணி நேரம் வாயால் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே திருத்துவார்கள். ஒரு பிரதியை ரோமன் ரோலன் நூலகத்தில் சேர்க்கக் கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் உங்கள் இடத்துக்கே திரும்பிப் போய், மில்லர் அகமதாபாத்துக்குப் போனதைப் போல, எது தங்கியது எது தங்கவில்லை என்று பார்க்கட்டும்.

முதலியார்பேட்டையில் பழைய ஆலைத் தொழிலாளர்களைச் சந்திக்க விரும்புகிறவர்கள் தயங்க வேண்டாம். ஸ்பின்னிங்கிலிருந்து ஒருவர், வீவிங்கிலிருந்து ஒருவர், ஆலைத் தொழிலாளியின் மனைவியாக வாழ்ந்த ஓர் அம்மா என்று சிலரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன். அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். உடம்புக்கு முடியாதவர் ஒருவர் அவர்களில் இருப்பதால், தலைப்பு உறுதியாகும் வரை காத்திருக்காமல் இந்த மாதமே ஒரு மாலை வாருங்கள். நான் உடன் வந்து அறிமுகம் செய்துவைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பணியாளர் நல அலுவலர் ஒருவர்
முதலியார்பேட்டை, புதுச்சேரி